சமாரியப் பெண்ணின் புருவம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, நடந்ததை நினைத்தாலே சிரிப்பு வந்து கை ஆடுகிறது.

லண்டன் மோர்டனில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் பின்தோட்டத்தில் ஒரு பழைய கிணறு உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன், டார்பிஷயரில் இருந்து குடிவந்த ஓர் ஆங்கிலேய அம்மா, தங்கள் ஊரில் கோடையில் கிணறுகளை அலங்கரிப்பார்கள் என்றும் இங்கேயும் செய்யலாம் என்றும் சொன்னார். பெரிய பலகையில் ஈரக் களிமண்ணை அப்பி, பூவிதழ், விதை, பாசி, இலை இவற்றை அழுத்திப் படம் செய்து, கிணற்றடியில் நிறுத்த வேண்டும். பெயிண்ட் கூடாது.

படம், வேதாகமத்தில் இயேசு கிணற்றடியில் தண்ணீர் கேட்ட சமாரியப் பெண். முகத்தை யார் செய்வது என்ற கேள்வி வந்ததும் என் மனைவி என்னைக் காட்டிவிட்டாள். நான் அவளுடைய கையைக் கிள்ளினேன்.

"சும்மா இருங்கோ. இருபது வருசமாக் கடைசி வாங்கிலை இருந்து வாங்கு தேஞ்சது காணும்."

அப்படிக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இருபது வருடத்தில் கோவிலில் ஒருவரும் என்னை ஒன்றும் செய்யச் சொன்னதில்லை. நானும் வெட்கத்தில் கேட்டதில்லை. இப்போது முகமே என் கையில். கெடுத்தால் இனி ஒரு மெழுகுதிரியைக்கூடத் தரமாட்டார்கள் என்று பயந்தேன்.

கோடுகளுக்கு வீட்டில் இருந்து பயறு கொண்டுபோனேன். காய்ந்த பயறு களிமண்ணில் நிற்காமல் உதிர்ந்தது. அதனால் கஞ்சிக்குச் செய்வது போல ஊறப்போட்டுக் கொண்டுபோய் அழுத்தினேன். புருவம், கண்ணின் கரை, உதடு, கூந்தல் எல்லாம் அழகாகப் பதிந்தன. கன்னத்துக்கு ரோசா இதழ்களைக் கீழிருந்து மேலாக, மழைத்தண்ணீர் வழிந்தோடும்படி ஓடு வேய்வது போல அடுக்கினேன். களிமண் காயக்கூடாது என்று அந்த அம்மா சொன்னதால், வியாழன் பின்னேரம் ஈரச்சாக்கால் மூடிவிட்டு வந்தேன்.

பயற்றை ஊறப்போட்டு ஈரத்தில் மூடி வைத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். எனக்குச் சனிக்கிழமை காலையில் சாக்கைத் தூக்கியபோதுதான் தெரிந்தது.

"ஐயோ, இஞ்சாருங்கோ! மனுசிக்கு மீசை முளைச்சிட்டுது!" என்று கூட வந்த என் மனைவி கத்தினாள்.

மீசை மட்டுமா? புருவம் இரண்டும் வெள்ளை வெள்ளையாக எழும்பி நின்றன. தலைமயிர் சுருண்டு கிடந்தது. அந்த அம்மா வருவதைக் கண்டு நான் பலகைக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு விசும்புவது போலக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாற்பது வருடமாகச் செய்கிறேன். வளர்கிற முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!"

என் மனைவி வேலை செய்வது சலூனில், புருவம் திருத்துகிற வேலை. கைப்பையில் இருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"தள்ளுங்கோ, இது என்ரை வேலை." பழக்கதோசத்தில் பலகையைப் பார்த்தும், "அசையாதேங்கோ அம்மா" என்றாள்.

முளைகளை ஒட்ட நறுக்க அரை மணித்தியாலம் சென்றது. எனக்குச் சிரிப்பில் விலா நொந்தது. கூந்தலை மட்டும் அப்படியே விடச்சொன்னார் அந்த அம்மா.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார், எங்கள் பங்குச் சுவாமி, வந்து செபித்துத் தீர்த்தம் தெளித்தார். இரண்டாம் தரமும் கையை ஓங்கினார். பச்சை இலை விடத் தொடங்கியிருந்த கூந்தலைப் பார்த்தேன். என்னை அறியாமல், எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டேன்.

"காணும் சுவாமி, தண்ணி போதும், இன்னும் வளர்ந்திடும்!"

தோட்டமே சிரித்தது. நானும்தான். அந்த அம்மா என் தோளில் தட்டி, அடுத்த வருடமும் முகம் உங்களுக்குத்தான் என்றார். சென்ற வருடம் செய்தேன், முளைக்காத வறுத்த கோப்பிக்கொட்டையில். இந்த வருடமும் என்னிடமே தந்திருக்கிறார்கள். நாளைக்குக் களிமண் குழைக்க வேண்டும், அதற்கு முன் எழுதி முடித்துவிட்டேன்.

2025 யூலை 4, வெள்ளிக்கிழமை.