சூளைச் சூடு என்றார்கள்

சூடாம், சூடு. எங்கள் ஊரில் பெண்ணுக்கு எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் பிசிறை வழித்து, பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். சூளை என் முதுகுக்குப் பின்னால்தான். போதாதா, எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

மாதவிலக்கு ஒரு வாரத்தைத் தாண்டியும் நிற்காமல் போனபோது மாமியாரிடம்தான் சொன்னேன். குழந்தைக்காகக் காத்திருந்த வீடு அது. என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

"சூளையாண்ட நிக்கறவளுக்கு அப்பிடித்தான் போவும். மோரு குடி. வெந்தயத்த ஊற வெச்சித் தின்னு" என்றார்.

குடித்தேன், தின்றேன். அப்போதும் ரத்தம் கட்டி கட்டியாகப் போனது. துணி மாற்ற அடிக்கடி எழுந்தால் மேஸ்திரி முறைப்பான்.

"லேடி டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேங்க" என்று கணவரிடம் கேட்டேன். மாமியார் முந்திக்கொண்டார்.

"அங்க போனா கத்தியத்தான் எடுப்பாங்க. அப்புறம் புள்ள எங்கேர்ந்து வரும்?"

கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அம்மா சொல்றதக் கேளு."

ஒரு வெயில் காலம் போய் அடுத்ததும் வந்தது. எனக்கு மண் மேல் ஆசை வந்தது. உடைந்த, சுடாத பொம்மையின் காதையோ காலையோ வாயில் போட்டுக்கொள்வேன். அடிவயிறும் மேடிட்டது. பக்கத்துப் பலகையில் வேலை செய்த, புதிதாகக் கல்யாணமான பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

"மண்ணு திங்கறீங்க, வயிறும் தெரியுது. எங்ககிட்ட சொல்லவேயில்ல பாத்தீங்களாக்கா."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்று சாயங்காலம் பலகையைத் தூக்கும்போது மயங்கி விழுந்தேன்.

அவள்தான் ஆட்டோவில் லேடி டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மண்ணு திங்கறியா?" என்று கேட்டார். நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். "உடம்புல ரத்தமே இல்ல. அதான் மண்ணு கேக்குது."

ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்க நார்க்கட்டி. "முன்னாடியே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம்மா. இப்ப பைய விட்டு வெக்க வழியில்ல" என்றார். ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை எடுத்தார்கள். எந்தக் கத்திக்குப் பயந்து என்னை டாக்டரிடம் போக விடவில்லையோ, அதே கத்திதான்.

ஆட்டோவில் கொண்டுபோனவள் என்னைப் பார்க்க வந்தபோது காதோடு கேட்டாள். "எனக்கும் ரெண்டு மூணு மாசம் வராம, வந்தா நிக்க மாட்டங்குதுக்கா. சூடுதானே?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தையலே பிரிந்திருக்கும். "இன்னொரு தரம் சூடுன்னு சொன்ன, அறைஞ்சிடுவேன். நாளைக்கே போய்க் காட்டு."

போனாள். சூலகத்தில் நீர்க்கட்டியாம். மாத்திரையிலேயே சரியானது.

போன மாதம் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன். பொறாமைதான் வந்தது. மாமியார் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ம்... எங்க வூட்டு மருமவளுக்குத்தான் குடுத்து வெக்கல."

குழந்தையை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"எனக்கும் குடுத்துத்தான் வெச்சிருந்துச்சி. நீங்கதான் மோரு ஊத்திக் கெடுத்தீங்க" என்றேன்.