கண்ணுக்குள் ஒரு வடிகால்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் இறங்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே எழுந்து படிக்கட்டருகே போய் நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளிடம் போய்க் கண்ணின் வடிகால் செல்களை வளர்க்கிற வேலையைக் கொடுத்தார்கள்.

கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் ஊறிக்கொண்டிருக்கும். கண்ணீர் இல்லை, இது வேறு; உள்ளேயே ஊறி உள்ளேயே வடிந்துவிடும். அது வடிகிற வழியில், கருவிழியின் ஓரத்தில் வட்டமாக, மெல்லிய வலை போல ஒரு திசு இருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டியில் சல்லடை போட்டிருப்போமே, அது மாதிரி. அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பைத் தின்று, பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும். வலிக்காது. அதுதான் அதன் அயோக்கியத்தனம்.

தானமாக வந்த கண்ணிலிருந்து கருவிழியை இன்னொருவருக்கு வைத்த பிறகு, சுற்றிலும் ஒரு வளையம் மிஞ்சும். அது ஐஸ் பெட்டியில், திருச்சியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வரும். நுண்ணோக்கியின் கீழே வைத்து இடுக்கியால் அந்த வலையை உரித்து, துண்டாக்கி, தட்டில் ஒட்டவைத்து, சத்து நீர் ஊற்றி, உடம்புச் சூடு மாறாமல் காக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு சும்மா இருப்பதுதான் வேலை. தட்டை அசைத்தால் துண்டு மிதந்துவிடும். மிதந்தால் அதிலிருந்து செல் ஊர்ந்து வெளியே வராது. வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று தினமும் எடுத்துப் பார்த்தே முதலில் வந்த துண்டுகளை மிதக்கவிட்டேன். ஆய்வகத் தலைவியான மேடம் திட்டவில்லை. இன்குபேட்டர் கதவில் ‘கை வைக்காதே’ என்று எழுதி ஒட்டினார். யாருக்கு என்று பெயர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை.

ஒருவழியாகச் செல்கள் வளர்ந்தன. ஆனால் அவை வடிகால் செல்கள்தானா, கண்ணின் வேறு பகுதியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவையா என்று பார்க்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்து ஒரு வாரம் போல விட்டால், அசல் வடிகால் செல்கள் ஒரு புரதத்தை ஏராளமாகச் சுரக்கும். ஸ்டீராய்டு தொடர்ந்து பட்டால் வடிகால் திணறும்; சிலருக்கு அதனாலேயே அழுத்தம் ஏறிவிடும். எங்களுக்கோ அந்தத் திணறல்தான் அடையாளம். மருந்தை ஊற்றினேன். மறுபடியும் காத்திருப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்து வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்து வைத்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கைலாசபுரம் போய்விட்டேன். அங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறான். நான் உள்ளே நுழைந்தபோது நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே அது?”

“கண்ணு அரிப்புக்கு. தூசி அலர்ஜி. ரெண்டு சொட்டு விட்டா சில்லுன்னு ஆயிடும்.”

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது, நான் தட்டில் ஊற்றிவிட்டு வந்த மருந்தின் பெயர்.

“இதை யாரு எழுதிக் கொடுத்தாங்க?”

“டாக்டர் எப்பவோ ஒரு வாரத்துக்குன்னு எழுதினாரு. அப்புறம் மெடிக்கல் ஷாப்புல காலி பாட்டிலைக் காட்டினா போதும், புதுசு கொடுத்துடுவாங்க.”

“எத்தனை நாளா விடறே?”

அடுப்படியிலிருந்து அண்ணி பதில் சொன்னார். “பாப்பாவ எல்கேஜி சேர்த்த வருஷத்துலேர்ந்து விடறாரு. அவ இப்ப ரெண்டாங் கிளாஸ்.”

பயம் வந்தால் நான் கத்துவேன், அன்றும் கத்தினேன். அண்ணன் சிரித்தான். “கண்ணு நல்லாத்தானே தெரியுது? இங்கேர்ந்தே பாரு,” என்று சுவரில் தொங்கிய காலண்டரின் ராகுகாலம் வரைக்கும் படித்துக் காட்டினான். நேர் பார்வை கடைசியில்தான் போகும் என்று சொன்னேன். உனக்கு எதிலும் அவசரம் என்றான்.

மறுநாள் சாயங்காலம் தில்லை நகரில் ஒரு கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அழுத்தத்தை அளந்தார், இன்னொரு தரம் அளந்தார். பிறகு பக்கப் பார்வைச் சோதனை. இருட்டறையில் ஒரு மெஷினில் முகத்தைப் பதித்து உட்கார வேண்டும். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். தெரிகிறபோதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். நான் திரைக்கு வெளியே அங்குமிங்கும் நடந்தேன். டிக், டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் நின்றுவிட்டது. அமுக்குண்ணே, அமுக்கு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

வெளியே வந்த அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்: “நடுவுல ரொம்ப நேரம் லைட்டே வரலை. மெஷின் ரிப்பேரா?”

போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். அந்தச் சொட்டை நிறுத்தி வேறு மருந்து எழுதினார். அந்த வாரமே எங்கள் செல்கள் புரதத்தைச் சுரந்தன. அசல் வடிகால் செல்கள்தான். மேடம் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கித் தந்தார். என்னால் ஒரு விள்ளல்கூட விழுங்க முடியவில்லை. கை கழுவுமிடத்தில் நின்று அழுதேன்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்த்துவிட்டு அண்ணனும் நானும் ஒரு டீக்கடையில் நின்றோம்.

“நீ வளக்கிறியே, அதை என் கண்ணுல வெக்க முடியாதா?” என்றான்.

“இப்ப முடியாதுண்ணே. அதுக்கெல்லாம் இன்னும் ரொம்ப வருஷம் ஆகும்.”

கொஞ்ச நேரம் டீயை ஊதினான். “சரி, அப்ப நான் போனப்புறம் என் கண்ணை நீங்க எடுத்துக்கோங்க. கெட்டுப்போன கண்ணும் உங்களுக்கு உதவும்ல?”

உதவும். ரொம்பவே உதவும். நோய் வந்த வடிகால் எங்களுக்குக் கிடைப்பது அரிது. மேடம் அதற்காக ஏங்கிக்கொண்டிருக்கிறார். அவன் சொன்ன அந்த நொடியில், எத்தனை துண்டு தேறும் என்றுதான் என் புத்தி போயிற்று. அப்புறம்தான் யாருடைய கண் என்று உறைத்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“வாயைக் கழுவுண்ணே!” என்று கத்தினேன்.

கடையிலிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவன் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்க்க அண்ணன் முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது.