கயிறு இல்லாத கார் பந்தயம்

தரங்கம்பாடியில் ஒரு பேச்சு அடிபட்டது. காயாரோகணத்தின் மகள் ஜீவிதா வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே நாளெல்லாம் கார்களை இடித்து நொறுக்குகிறாள், அதற்கு மெட்ராஸ்காரன் மாசமானால் சம்பளம் அனுப்புகிறான் என்று. மீன் விற்கும் அம்சம் இந்தச் சேதியை மயிலாடுதுறை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பஸ் திரும்பி வருவதற்குள் கார் அமெரிக்காவில் ஓடுவதாகவும், ஜீவிதா இங்கிருந்து ரிமோட்டில் ஸ்டியரிங் திருப்புவதாகவும், போன வாரம் அங்கே ஒரு பெட்ரோல் பங்க் காலி என்றும் வளர்ந்திருந்தது.

விசாரிக்கப் போனால் அம்சம் சத்தியம் செய்யாத குறை.

"கருவாடு குடுக்கப் போனேங்க. என் கண்ணெதிர ஒரு காரக் கொண்டுபோய்ச் செவுத்துல விட்டுச்சு. மொகத்துல ஒரு பதட்டம் கெடையாது. பின்னால எடுத்து மறுபடி அதே செவுத்துல விட்டுச்சு. ஓட்டத் தெரியாத புள்ளைக்கு எவன் சம்பளம் குடுப்பான், சொல்லுங்க?"

தீர விசாரித்ததில் வதந்தி முக்கால்வாசி மெய் என்று தெரிந்தது. ஜீவிதா ஒரு கார் பந்தய கேமுக்குச் சோதனைக்காரி. கேம் கடைக்கு வருமுன் அதை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். பீட்டா டெஸ்ட் என்பார்கள். சுவரில் மோதினால் கார் நிற்கிறதா, அல்லது சுவருக்குள் புகுந்து பேய் மாதிரி அந்தப் பக்கம் வந்துவிடுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். அமெரிக்கா மட்டும் அம்சத்தின் அன்பளிப்பு. கம்பெனி இருந்தது சென்னையில்.

நிஜத்தில் ஜீவிதாவுக்கு ஸ்கூட்டி கூடச் சரியாக வராது. பொறையார் வளைவில் ஒருமுறை நேராக வயலில் இறக்கினாள். அன்றைக்கு அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் இன்றைக்கும் அவள் வண்டிச் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறி நிற்கிறார்கள்.

அவளை வம்பில் மாட்டியது அவள் வாய்தான். கேமில் எட்டுப் பேர் எட்டு ஃபோனில் சேர்ந்து ஓட்டும் பகுதி தயாராகியிருந்தது. சென்னை ஆபீசில் ஒரே அறையில், ஒரே வைஃபையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள். மீட்டிங்கில் ஜீவிதா சொன்னாள்: "சார், அங்க ஓடுறது பெருசில்ல. எங்க ஊர் சிக்னல்ல ஓடினா எங்கேயும் ஓடும்."

சோதனைப் பிரிவின் தலைவர் நெடுமாறன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்களே நடத்திக் காட்டுங்க. தேறினா வேலை நிரந்தரம், ஊர்லேருந்தே பாக்கலாம். தேறலன்னா மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுது ஜீவிதா. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

ஊரில் ஏழெட்டுப் பேரைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. வலை பின்னி முடித்தாயிற்று, சீட்டாடி அலுத்தாயிற்று, வீட்டில் திட்டும் வாங்கியாயிற்று. படகோட்டி காயாரோகணம் தலைமையில் ஆட்கள் தாமாகவே வந்து நின்றார்கள். கியர் எங்கே என்று கேட்டார்கள். கியர் தானாக விழும் என்றதும் முகம் சுளித்தார்கள். இரண்டே நாளில் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள்.

"சிக்னல் கெட்டுப்போற எடமாப் பாத்து உக்காருங்க" என்றாள் ஜீவிதா.

கூட்டம் குழம்பிப்போனது. சிக்னலுக்காக மொட்டை மாடி, தென்னை மரம், மணல் மேடு என்று ஏறிப் பழகிய ஊர். அது இல்லாத இடத்தைத் தேடு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் சளைக்காமல் தேடினார்கள். யுவன் கோட்டைச் சுவருக்குப் பின்னால் பதுங்கினான். ரஞ்சித் ஒரு படி மேலே போய், ஐஸ் பிளான்ட்டின் இரும்புக் கதவுக்குப் பின்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். காயாரோகணம் மட்டும் செல்ஃபோன் டவருக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா?" என்றாள் மகள்.

"எல்லாரும் இருட்டுக்குள்ள போனா வெளக்க யாரு புடிக்கிறது?"

கேமில் ஓட்டிக்கொண்டே பேசும் வசதியை மூடிவிடச் சொல்லியிருந்தார் நெடுமாறன். பேசினால் அதற்கும் டேட்டா போகும், அளவு கெடும். ஆகவே வீட்டில் லேப்டாப் முன்னால் இருந்த ஜீவிதாவுக்கும், சென்னையில் இருந்த நெடுமாறனுக்கும் தெரிந்ததெல்லாம் எட்டுக் கோடுகள்தான். ஒரு காருக்கு ஒரு கோடு. வேகம் ஏறினால் கோடு ஏறும். சிக்னல் இருந்தால் கோட்டின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

பந்தயம் கிளம்பியது. கோடுகள் ஏறின. இரண்டாவது சுற்றில் ரஞ்சித்தின் கோடு விழுந்தது. ஐஸ் பிளான்ட், எதிர்பார்த்ததுதான். அடுத்த மூச்சில் மற்ற ஏழு கோடுகளும் தொப்பென்று விழுந்தன.

"சர்வர் செத்துப்போச்சு" என்றார் நெடுமாறன் ஃபோனில்.

சர்வரைத் தட்டி எழுப்பி மறுபடி ஓட்டினார்கள். மறுபடி ரஞ்சித் விழுந்தான், பின்னாலேயே ஏழும் படுத்தன. இன்னொரு தரம், அதே கதை. ஜீவிதாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. ரஞ்சித்தைத் தவிர மற்றவர்களின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது. கார்கள் மட்டும் நின்றன.

"ஒருத்தன் போனா எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போகுது. பெரிய ஓட்டை. நான் மேல சொல்லிடுறேன். சாயங்காலம் பேசுவோம்" என்று நெடுமாறன் வைத்துவிட்டார். அவர் குரலில் மாசக் கடைசி கேட்டது.

மத்தியானம் சாப்பாட்டில் ஜீவிதா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எதிரே காயாரோகணம் நிம்மதியாகக் கெளுத்தி மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்கான் பாப்பா. ஒரு கொறைதான். கயிறு வைக்கல."

"எதுக்குப்பா கயிறு?"

"நின்ன வண்டிய எத வச்சுக் கட்டி இழுக்குறது? ரஞ்சித்துப் பய பாலத்து மேல நின்னுட்டான். நாங்க அத்தன பேரும் திரும்பி வந்து சுத்தி நிக்கிறோம், ஒண்ணும் பண்ண முடியல. யுவன் வேகமா வந்து ஒரு இடி இடிச்சுப் பாத்தான், நவுரல."

ஜீவிதா கையை உதறினாள். "நீங்களா நிறுத்துனீங்க?"

"பின்ன? எஞ்சின் நின்ன போட்ட நடுக்கடல்ல விட்டுட்டு வந்தவன் கரையில மொகத்த எங்க வச்சுக்குவான்? அவன் வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?"

"அப்பா, அது கடல் இல்ல."

"பாலத்துக்குக் கீழ தண்ணி ஓடுதே."

சாயங்காலம் ஜீவிதா சொன்னதை நெடுமாறன் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"யாருக்குமே ஜெயிக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு சார். ரஞ்சித் அண்ணன் வந்தப்புறம்."

"இத நான் மேல எப்படிங்க சொல்றது?" பெருமூச்சு வந்தது. "நாளைக்குக் கடைசித் தடவ. யாரும் நிக்கக் கூடாது. நின்னா என் கையில ஒண்ணும் இல்ல."

காயாரோகணத்திடம் போனாள். முடியாது என்றார். மகள் வேலை போகும் என்றாள். யோசித்தார், அப்போதும் முடியாது என்றார். ரஞ்சித் வேறு முறுக்கிக்கொண்டான்.

"அப்ப என்னை அம்போன்னு விட்டுட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க."

கடைசியில் வழி கடல் வழக்கத்திலேயே இருந்தது. நின்ற படகுக்காரன், 'நங்கூரம் போட்டாச்சு, நீங்க போங்க' என்று தன் வாயால் சொல்லிவிட்டால் மற்றவர்கள் போகலாம். பழி இல்லை. ஜீவிதா ரஞ்சித்துக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துக் கெஞ்சினாள். அவன் பஜ்ஜியைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, சபை நடுவில் சொன்னான்: "நங்கூரம் போட்டாச்சு. போங்க. ஆனா ஒரு தடவைக்குத்தான்."

மறுநாள் கோடுகள் ஏறின. ரஞ்சித் விழுந்தான். ஏழு கோடுகள் ஒரு கணம் தயங்கின, பிறகு ஏறிக்கொண்டே போயின. ரஞ்சித்தின் கார் உயிர் பெற்று மெல்ல ஊர்ந்தது. நெடுமாறன் முதல்முறையாகச் சிரித்தார். கடைசிச் சுற்று. முன்னால் போன காரின் கோடு, எல்லைக்குப் பக்கத்தில் போய், சட்டென்று இறங்கியது.

"யாரு அது?"

ஜீவிதாவுக்குப் பார்க்காமலே தெரியும். "எங்கப்பா சார்."

ரஞ்சித் இரண்டாவது தடவை நின்றுவிட்டிருந்தான். அனுமதி ஒரு தடவைக்குத்தான். காயாரோகணம் திரும்பிப் போய், அவன் காரின் பின்னால் தன் காரை இடிக்காமல் ஒட்டவைத்து, அவசரமில்லாமல் தள்ள ஆரம்பித்தார். யுவன் எப்போதோ ஜெயித்துவிட்டான், அதை ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு கோடுகளும் ஒன்றாக ஒட்டி, விட்டுவிட்டு வரும் சிக்னலில் நடுங்கி நடுங்கி எல்லையைத் தாண்டின.

"இவ்வளவு நேரம் முட்டியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகவே இல்லையே" என்றார் நெடுமாறன். கெட்ட சிக்னலில் முட்டிக்கொள்ளும் கார்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும் என்பதுதான் கம்பெனியின் பழைய பயம். அதைச் சோதிக்க இத்தனை நேரம் ஒட்டிக்கொண்டு போகும் பொறுமைசாலி சென்னையில் கிடைக்கவில்லை.

சோதனை தேறியது. வேலை நிரந்தரமாகி, ஜீவிதா இப்போதும் வீட்டிலிருந்தே சுவரில் மோதுகிறாள். கயிறு வேண்டும் என்ற கோரிக்கையை முறைப்படி பதிந்தாள். ஆபீசில் அதைப் பார்த்துவிட்டு நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பதாகக் கேள்வி.

தீராதது ஒன்றுதான். இழுத்து வந்தவனை ஒருமுறையாவது திருப்பி இழுத்துவிட்டால்தான் கடன் தீரும் என்பது ஊர் முறை. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகும், ஓய்ந்த நேரத்தில் ரஞ்சித் கேமைத் திறந்து வைத்துக்கொண்டு காயாரோகணத்தின் கார் நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவர் டவருக்குக் கீழே போட்ட நாற்காலியை எடுப்பதாக இல்லை.

"தங்கச்சி, உன்கிட்ட சிக்னலக் கெடுக்குற மெஷின் இருக்குன்னு அம்சம் சொல்லுதே. சித்தப்பாவுக்கு ஒரே ஒரு நிமிஷம் கெடுத்து வுடேன்."

"அப்படி ஒண்ணும் இல்லண்ணே. இருந்தாலும் என் வேலைக்கு ஆகாது."

"அப்ப நான் கடன்காரனாவே சாவுறதா?"

டவருக்குக் கீழிருந்து காயாரோகணம் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அவசரம் இல்லடா தம்பி. வச்சுக்க."