நீலச் செருப்பு

என் அம்மாவின் தம்பிதான் அப்போது எங்கள் ஊர் வி.ஏ.ஓ. பெருமாநல்லூரை ஒட்டிய ஊர். பள்ளிக்கூடம் போகும் வழியில், சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு. தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் கிடக்கும். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், பட்டறை ஆட்கள் இருவர் அடுத்தடுத்து அதில் மிதந்தார்கள். இரண்டு தடவையும் கிணற்று மேட்டில் செருப்புகள் ஜோடியாக இருந்தன. குடித்துவிட்டுக் கால் தவறி விழுந்ததாக மாமா எழுதினார். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. கால் தவறுகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றி வைப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியான இடைவேளையில் அந்தப் பக்கம் போனேன். மேட்டில் ஒரு ஜோடி நீலச் செருப்பு. எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் அசைவே இல்லை. ஓடி வந்துவிட்டேன். சாயங்காலம் வீடு திரும்பும்போது, பட்டறை வாசலில் திருநெல்வேலிக்கார அண்ணன் ஒருவர் வெறுங்காலோடு நின்றிருந்தார். இருபுறமும் இரண்டு பேர். "ஸ்கூல் விட்டாச்சா பாப்பா?" என்று சிரித்தார். மறுநாள் காலை அவர் கிணற்றில் மிதந்தார். மேட்டில் அதே நீலச் செருப்பு.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி மாமா வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அவுக குடிக்கவே மாட்டாவ சார். சாயத் தண்ணிய ஆத்துல விடுதாவன்னு மூணு பேருமா மனு எழுதி உங்க கையிலதான் குடுத்தாவ. அந்த மூணு பேருந்தான் இப்ப இல்ல."

"அப்படி மனு எதும் வரலீங்கம்மா" என்றார் மாமா, மரியாதையாக.

நான் சொன்னேன்: "மாமா, செருப்பு மத்தியானமே அங்க இருந்துச்சுங்க. சாயங்காலம் அந்தண்ணன் வெறுங்கால்ல நின்னாருங்க."

மேசைமேல் மாமாவின் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. என்னை அருகில் இழுத்துக்கொண்டார்.

"அது வேற நாளு, கண்ணு. நல்லா யோசிச்சுச் சொல்லு."

மாமாவின் முகத்தில் அவ்வளவு பயத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. "ஆமாங்க, வேற நாளுங்க" என்றேன்.

அந்த அக்கா குனிந்து, "நெசமாவா தாயி?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "தனியா எங்கயும் போவாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரமே ஊரைக் காலி செய்தாள். மூன்று பேரும் கால் தவறி விழுந்ததாகவே இன்றும் காகிதத்தில் இருக்கிறது.

அந்த அக்கா மாமா வீட்டுக்கு வந்துபோன மறுநாள் பள்ளிக்கூட வாசலில், அன்று அந்த அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் வந்து என் பெயரைக் கேட்டார். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வீட்டில் பழக்கியிருந்தார்கள். பெயர், வகுப்பு, எந்த வழியாக வீட்டுக்குப் போவேன் என்பது எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன்.