குண்டு கழற்றிய நாளில் ஊறிய உழுந்து

பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. காலை 10 மணி 12 நிமிடம். வெளியே மூன்று பாகை, தூறல், மேற்கிலிருந்து காற்று. ஹம்பேர்க்கில் இதற்குப் பெயர் நல்ல காலநிலை.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மஞ்சள் மேலங்கி போட்ட நகரசபை மனிதர். பின் தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய குழியில் ஒரு குண்டு கிடக்கிறதாம். இரண்டாம் உலகப் போர்க் குண்டு. ஐந்நூறு றாத்தல். முந்நூறு மீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் அத்தனை பேரும் பன்னிரண்டு மணிக்குள் வெளியேற வேண்டும். பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் இருக்கலாம். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

எங்கள் வாசலிலிருந்து அந்தக் குழி 344 எட்டு. தினமும் நடக்கிற பாதை. எண்ணாமல் நடக்க எனக்குத் தெரியாது. என் எட்டு அறுபத்தைந்து சென்ரிமீற்றர். பெருக்கினால் 223 மீட்டர் சொச்சம். வாதாட இடமில்லை.

நான் பெட்டி அடுக்கத் தொடங்கினேன். கடவுச்சீட்டுகள், காப்புறுதிக் கடிதங்கள், பிள்ளைகளின் கலியாணப் படங்கள், மனைவியின் நகைகள், எட்டுச் சோடிச் சொக்ஸ், மூன்று கிலோ அரிசி. இரண்டு பெட்டி. தூக்குத் தராசில் கொழுவிப் பார்த்தேன். ஒன்று 19.4 கிலோ, மற்றது 22.1.

ஆறு மணி நேரத்துக்கு எதற்கு மூன்று கிலோ அரிசி என்று கேட்கிறீர்களா? முன்பு ஒருமுறை, ஊரில் சண்டை நேரம், ஒரே ஒரு பையோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டவன் நான். “இரண்டு நாள்தான், திரும்பி வந்துவிடலாம்” என்றுதான் அப்போதும் சொன்னார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

“இஞ்சரும், வெளிக்கிடும்” என்றேன் மனைவியிடம்.

“நான் வரேல்லை.”

குசினி மேசையில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“விளையாடாதையும். குண்டு கிடக்குது.”

“குண்டு எண்பது வருசமாக் கிடக்குது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தே பத்தொன்பது வருசம். அது ஒண்டும் செய்யேல்லை. வந்தவன் நேரம் சொல்லிப்போட்டுப் போறான். நேரம் சொல்லுறவையை நான் நம்பமாட்டன்.”

நான் சட்டம் சொன்னேன். தண்டப்பணம் சொன்னேன். வெங்காயம் உரிபட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்று தெரியுமா உங்களுக்கு? வட்டத்துக்குள் ஒரு ஆள் மிச்சம் இருந்தாலும் குண்டில் கை வைக்க மாட்டார்கள். தெரு முழுதும் வெறுமை. மழைக்குள் சனம் மண்டபத்துக்குப் போய்விட்டது. இரண்டு பேர் குழியருகே கருவிகளோடு காத்திருக்கிறார்கள். எல்லாம் எழுபத்தொரு வயதுப் பெண் ஒருத்திக்காக!

12 மணி 5 நிமிடத்துக்கு மறுபடி மணி அடித்தது. இம்முறை பொலிஸ். முப்பத்தைந்து வயது மதிக்கலாம், தொப்பியில் மழைத்துளி. என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “அன்ரி, உள்ளுக்கு வரலாமோ?” என்றாள்.

எங்கள் தமிழ்ப் பிள்ளை! இங்கே பிறந்து வளர்ந்து பொலிசில் சேர்ந்தவள். சீருடையில் வந்து வீட்டை விட்டுப் போகச் சொன்னவர்களில் அன்ரி என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

மனைவி கத்தியை வைத்தாள். “எத்தினை மணிக்குத் திரும்பி வரலாம்?”

“தெரியாது அன்ரி.”

“முதல் வந்தவர் நாலு மணி எண்டார்.”

“அவர் உங்களுக்கு ஆறுதலாச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியாது. குண்டு கழட்டுற ஆக்களுக்கே தெரியாது. முடிஞ்ச உடனை நானே வந்து உங்களுக்குச் சொல்லுறன். அது மட்டும்தான் என்னால சொல்ல ஏலும்.”

மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு விநாடி.

“தெரியாது எண்டு சொன்ன முதல் ஆள் நீதான் பிள்ளை.”

எழுந்தாள். சப்பாத்தைத் தேடுவாள் என்று நினைத்தேன். அவளோ அலுமாரியைத் திறந்து இரண்டு சுண்டு உழுந்தை அளந்து, கழுவி, தண்ணீர் விட்டாள். பொலிஸ் பிள்ளையின் தோளில் வோக்கிடோக்கி கரகரத்தது.

“அன்ரி, எல்லாரும் எங்களுக்காகத்தான் நிக்கினம்...”

“நிக்கட்டும். பின்னேரம் வந்து தோசைக்கு அரைக்கவேணும்.”

நான் பெட்டிகளை உருட்டி வந்தேன்.

“அதை வையுங்கோ.”

“ஏதும் நடந்தால்?”

“பெட்டியோட வெளிக்கிட்டவை ஆராவது திரும்பி வந்தவையே? பெட்டி வந்தால் நான் வரமாட்டன்.”

பொலிஸ் பிள்ளை என்னைப் பார்த்தாள். 41.5 கிலோவும் வரவேற்பறையில் நின்றது. கடவுச்சீட்டுகளை மட்டும் மனைவிக்குத் தெரியாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் எங்கள் கீழ் வீட்டுக்காரர் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார். ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர். கையில் ஒரு தேநீர்க் குடுவை, ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம். அவ்வளவுதான்.

“வேறு ஒன்றும் கொண்டுவரவில்லையா?” என்று கேட்டேன்.

“எதற்கு? இரவு வீட்டில்தானே படுக்கப் போகிறோம்!”

இப்படி நினைக்க ஒரு மனிதனுக்கு எத்தனை வருடம் நிம்மதி வேண்டும்? கணக்குப் போட முடியவில்லை. ஆகவே குண்டைப் பற்றிக் கேட்டேன். ஆசிரியர் குறுக்கெழுத்தை மூடிவிட்டார். நல்ல ஆசிரியர்கள் ஓய்வு பெறுவதே இல்லை.

அவர் சொன்னதைக் கேளுங்கள். இந்த வகைக் குண்டு விழுந்தவுடன் வெடிப்பதற்கல்ல. விமானங்கள் போய், சனம் பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்த பிறகு வெடிப்பதற்கு. அதன் வாலில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதற்குள் அசிற்றோன் — நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் வைத்திருக்கிறார்களே, அதே திரவம். குப்பிக்குக் கீழே செலுலொயிட் தகடு. பழைய சினிமாச் சுருள் செய்த பொருள். அந்தத் தகடுதான் வெடிக்கவைக்கும் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குண்டு விழும்போது குப்பி உடையும். திரவம் கசிந்து தகட்டைக் கரைக்கும். தகடு தடிப்பென்றால் நாள் கணக்கு, மெல்லிதென்றால் மணிக் கணக்கு. முள் இல்லாத கடிகாரம்!

ஆனால் மண் இளகியிருந்தால் குண்டு உள்ளே போய் வளைந்து, மூக்கு மேலே பார்த்தபடி நின்றுவிடும். வால் கீழே. திரவம் தகட்டுக்குப் போகாமல் மறுபக்கம் வடிந்துவிடும். தகடு கரையாது. ஆனால் வயது போகும். எண்பது வருடத்தில் காய்ந்து, நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். இன்றைக்கு உடையுமா, இன்னும் இருபது வருடம் தாங்குமா? எந்தச் சூத்திரத்திலும் விடை இல்லை.

“ஆகவே எப்போது முடியும் என்று கேட்டால், தெரியாது என்பதுதான் விஞ்ஞானப்படி சரியான பதில்” என்றார் ஆசிரியர்.

மனைவிக்கு ஜெர்மன் நன்றாகவே விளங்கும். “நான் சொன்னனான்தானே” என்றாள். அவள் சொல்லவில்லை. சொன்னது பொலிஸ் பிள்ளை. நான் திருத்தவில்லை.

நாலு மணி வந்தது, போனது. “பாத்தியளே, நாலு மணி” என்றாள் மனைவி, என்னவோ நான்தான் சொன்னதுபோல. ஐந்து மணி. தொண்டர்கள் பருப்பு சூப் தந்தார்கள். ஆறு மணி. திருகாணி துருப்பிடித்து அசைய மறுக்கிறதாம் என்று ஒரு செய்தி உலாவியது. மனைவி கதவையே பார்த்தபடி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கூரை விளக்குகளை எண்ணினேன். முப்பத்தாறு. திரும்பவும் எண்ணினேன். முப்பத்தைந்து. என் வாழ்க்கையில் எண்ணிக்கை இப்படிப் பிழைத்தது அபூர்வம்.

அந்த நேரத்தில் ஒன்றை யோசித்தேன். அங்கே குழிக்குள் இரண்டு பேர் குனிந்திருக்கிறார்கள். எங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நாங்கள் மறுபடி சமைக்க வேண்டும் என்பதற்காக நொறுங்கும் தகட்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்திருக்கிறார்கள். ஊரில் என் வீட்டின் மேல் குண்டு விழுத்தியவர்கள் உண்டு. வீட்டைக் காப்பாற்றக் குண்டைக் கழற்றுகிறவர்கள் இவர்கள்தான், முதன்முதலாக.

6 மணி 52 நிமிடம். கதவு திறந்தது. அதே தொப்பி. ஒலிபெருக்கிக்காரரைத் தாண்டி, நூற்றுக்கணக்கான சனத்தைத் தாண்டி, நேரே எங்களிடம் வந்தாள்.

“அன்ரி, முடிஞ்சுது. வீட்டை போகலாம்.”

மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “சாப்பிட்டியோ பிள்ளை?” என்றாள். எங்கள் பாஷையில் நன்றி என்பதை இதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

7 மணி 20க்குக் கதவைத் திறந்தோம். விளக்கு எரிந்தது. பெட்டிகள் நின்ற இடத்தில் நின்றன. உழுந்து ஏழு மணி நேரம் ஊறி, கிண்ணம் நிறையப் பொங்கியிருந்தது. மனைவி இரண்டு பருப்பை எடுத்து நகத்தால் நசுக்கிப் பார்த்தாள்.

“பதம்” என்றாள்.

வெளிக்கிட்ட நாளிலேயே அதே கதவால் திரும்பி உள்ளே வந்தோம். நான் பெட்டிகளைப் பிரித்து, அரிசியை வாளிக்குள் கொட்டினேன். மறுநாள் பொலிஸ் நிலையத்துக்குத் தோசை கொண்டுபோனோம். இருபத்திரண்டு. பரிசு வாங்கக்கூடாதாம்; சாட்சி இல்லாமல் சாப்பிட்டுவிட்டார்கள்.

இனிக் கணக்கு. முன்பு ஒருமுறை வெளிக்கிட்டதற்கு ஆன செலவை இங்கே எழுதவில்லை. இம்முறை: மண்டபத்துக்கு ஏற்றிப்போன நகரசபை பஸ் இலவசம். சூப் இலவசம். மண்டபத்துக் கோப்பி மெஷினில் இரண்டு யூரோ போட்டேன். கோப்பி ஒரு யூரோ ஐம்பது சதம், மிச்சம் வரவில்லை.

ஆக மொத்தம், இரண்டு யூரோ.