விபத்தில்லாத தனபாக்கியம் மெஸ்

ஹோட்டலை எப்படி நிர்வகிப்பது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கருப்பசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கேட்காவிட்டாலும் உட்காருவார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இருபத்துநாலு வயதில் நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்தில் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சமையல்கட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவர்தான் வடலூர் ரோட்டில் தனபாக்கியம் மெஸ்ஸை நடத்தினார். தனபாக்கியம் அவர் மனைவி. கல்லாவில் உட்கார்ந்திருப்பார்.

“ஹோட்டலும் ஒரு மைன்ஸ்தான் சார். சிஸ்டம் இருந்தா தானா ஓடும்” என்பார் என்னிடம். தினமும் மதியம் அங்கே சாப்பிடுகிறவன் நான். சாப்பாடு நன்றாக இருந்ததால் இதையும் சகித்துக்கொண்டேன்.

சிஸ்டம் என்றால் சாமானியமா? மதியம் இரண்டு மணிக்குச் சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து ஜனங்கள் பசியோடு பஸ்ஸைவிட்டு இறங்குவார்கள். அதே இரண்டு மணிக்கு மெஸ்ஸிலும் ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட் பார்த்த வேணு, மாலை ஷிப்டுக்கு வந்த வேணுவிடம் பொறுப்பை ஒப்படைத்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இருந்த சப்ளையரே வேணு ஒருவர்தான். அவர் தன்னிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்து முடிக்கும்வரை நாங்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கூட்டம் வந்தது செங்கமலத்துக்காக. காடாம்புலியூர்க்காரி. பலாக்கொட்டை போட்டு அவள் வைக்கும் சாம்பாருக்கு எந்த சிஸ்டத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று வருடமாக அவள் கேட்டது ஒன்றுதான்: தன்னை பர்மனென்ட் ஆக்க வேண்டும், உடம்பு முடியாமல் போனால் சம்பளத்தோடு லீவு வேண்டும்.

“பர்மனென்ட் பண்ணிட்டா ஆளு வேலை செய்ய மாட்டாங்க சார்” என்று என் காதோடு சொன்னார், முப்பத்தாறு வருடம் பர்மனென்டாக இருந்தவர். அனுபவித்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு: ‘விபத்தில்லா நாட்கள்’. தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து எண்ணை மாற்றுவார். நூறாவது நாள் விழா, எல்லோருக்கும் கேசரி என்று அறிவித்திருந்தார்.

தொண்ணூற்றேழாவது நாள் சாம்பார் குண்டானின் கைப்பிடி கழன்றது. அது ஆடுகிறது என்று செங்கமலம் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். எழுதிக் கொடு என்றார் கருப்பசாமி. வேணுவை விட்டு எழுதிக் கொடுத்தாள். ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிட்டார். கொதிக்கும் சாம்பார் அவள் இடது கையில் முழங்கை வரை கொட்டியது. அலறல் கேட்டு ஓடிவந்த கருப்பசாமி முதலில் பார்த்தது அவள் கையை அல்ல, போர்டை. நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். வேணுதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

மறுநாள் போர்டில் 98 இருந்தது.

“என்ன சார் இது?” என்றேன்.

“போர்டு பர்மனென்ட் ஆளுங்களுக்குத்தான். அவ கான்ட்ராக்ட்.”

இப்படியொரு விதி உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் இருக்காது. அவரே பெற்றெடுத்தது. அந்த மெஸ்ஸில் பர்மனென்ட் அவர் ஒருவர்தான், அவர் மேலே ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த மூன்று நாளும் தனபாக்கியமே சமைத்து, கல்லாவையும் பார்த்துக்கொண்டார். நூறாவது நாள் மைக் கட்டி கருப்பசாமி பேசிக்கொண்டிருந்தபோது கையில் கட்டோடு செங்கமலம் வந்து நின்றாள்.

“கை வலிச்சிகினே இருக்குதுங்க சார். பத்து நாளு தண்ணி படக்கூடாதுன்னுட்டாங்க. வூட்ல அடுப்பெரியணும். அந்தப் பத்து நாளு சம்பளத்த மட்டும் குடுங்க.”

“கான்ட்ராக்ட்ல மெடிக்கல் லீவு கெடையாதும்மா. ரூல்” என்றார், மைக்கிலேயே.

தனபாக்கியம் கல்லாவிலிருந்து எழுந்தார். ‘சில்லறை இருக்கா’ என்பதைத் தவிர அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“நான் யாருங்க? பர்மனென்டா, கான்ட்ராக்டா?”

கருப்பசாமி நிஜமாகவே யோசித்தார். “நீ லிஸ்ட்லயே இல்லியே.”

தனபாக்கியம் சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். கருப்பசாமி சர்வீஸில் இருந்தபோதே திறந்த கடை அது. வேலையில் இருக்கும்போது வியாபாரம் செய்தால் வம்பு என்று லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், கரண்ட் கனெக்‌ஷன் எல்லாவற்றையும் மனைவி பெயரில் எழுதிவைத்த புத்திசாலி.

“யார் பேர் போட்டிருக்கு? படிங்க.”

“தனபாக்கியம்” என்று மைக்கில் கேட்டது.

“அப்ப ஓனர் சொல்றேன். செங்கமலம் இன்னையிலருந்து பர்மனென்ட். கை ஆறுற வரைக்கும் சம்பளத்தோட லீவு. அதுவரைக்கும் சமையல்கட்டு உங்களுக்கு. நீங்கதான் கான்ட்ராக்ட்.”

வாசலில் இரண்டு மணி பஸ் வந்து நின்றது. கருப்பசாமி எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

“கைப்பிடி இன்னும் மாத்தலைங்க” என்றாள் செங்கமலம். “பாத்துத் தூக்குங்க சார்.”