போர்டுக்குக் கீழே என் கண்

பீன்யா தொழிற்பேட்டையில் இரும்பு உருப்படிகளுக்குப் பிசிறு தேய்ப்பது என் வேலை. வலது கை மரத்துப்போய் உருப்படி நழுவ ஆரம்பித்ததும், கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைப்பதற்குள் நாய் படாத பாடு பட்டேன். ஸ்கேன் அன்று கம்பெனி சூப்பர்வைசரும் கூடவே வந்தார். என் மேல் அக்கறையாக்கும் என்று நினைத்தேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே டெக்னீஷியன் பெண் கன்னடத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கம்மல், கொலுசு, கொண்டை ஊசி எல்லாம் கழற்றியாகிவிட்டதா, உடம்புக்குள் கம்பி, பிளேட் உண்டா என்று. கடைசியாக, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்திருக்கிறதா என்றாள்.

எங்கள் ஷெட்டில் அது விழாத நாள் எது? விழுந்தால் பக்கத்து மிஷின்காரி இமையை மடக்கி, துப்பட்டா நுனியை எச்சில் தொட்டு முறுக்கி எடுத்துவிடுவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த உருப்படியை எடுப்போம். எங்களுக்கு அது வெறும் தூசு. அடி என்றால் ரத்தம் வரவேண்டும். அந்தப் பழக்கத்தில் நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் விடவில்லை. உள்ளே இருப்பது பெரிய காந்தம், கண்ணுக்குள் துணுக்கு தங்கியிருந்தால் அது நகர்ந்து பார்வையே போய்விடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். சூப்பர்வைசர் என் காதருகே குனிந்தார்.

"இல்லைன்னே சொல்லிடுங்கக்கா. ஆமான்னா தேதியும் போயிடும், கம்பெனிக்கும் கெட்ட பேரு."

அவர் எதற்கு வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் கேட்டில் 'விபத்தே இல்லாத தொழிற்சாலை' என்று ஒரு போர்டு தொங்குகிறது. அந்தத் தகரத்துக்காக என் கண்ணைக் கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுந்திருக்கிறது, எனக்கு மட்டுமல்ல, எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் விழுகிறது என்று கன்னடத்திலேயே உரக்கச் சொன்னேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி, எள்ளில் பாதிகூட இருக்காது. எம்.ஆர்.ஐ. இப்போது கூடாது என்று கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் துணுக்கை எடுத்தார். அலைந்து வாங்கிய தேதி போய்விட்டது, கை மரத்தபடியே இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

கண் ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று, எக்ஸ்ரே படத்தைப் பிரிண்ட் போட்டு அந்த போர்டுக்குக் கீழே ஒட்டினேன். மதியத்துக்குள் கிழித்துவிட்டார்கள். இன்னொன்று ஒட்டினேன். சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்தி, யார் ஒட்டியது என்று கேட்டார்.

"நான்தான் சார். அது என் கண்ணு."

என் வேலை அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது பக்கத்து மிஷின்காரி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கும் எக்ஸ்ரே எடுக்கணும் சார்."

அவளுக்குப் பின்னால் அடுத்தவளும் வந்தாள்.